ராகுகாலத்தில் திறந்த பக்கம்

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்துப் பிள்ளைகள் எனக்கு ஒரு தினசரி நாட்காட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். தாள் தாளாகக் கிழிக்கும் தமிழ் நாட்காட்டி. மேலே முருகன் படம், கீழே ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் கட்டம் போட்டிருக்கும். என் பெயர் பிலோமினா. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. வீட்டில் யாரும் ராகுகாலம் பார்த்ததில்லை. ஆனாலும் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கினேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தேவி. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். அலுவலகத்தில் இருந்த பழைய சர்வர்களை எல்லாம் எடுத்துவிட்டு, வாடிக்கையாளர்களைக் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"இப்பல்லாம் கூட்டம் வந்தா மிஷினே தானா பெருசாயிடும் அக்கா. கூட்டம் போனா சின்னதாயிடும். உங்க காலத்துல எப்படித்தான் சமாளிச்சீங்க?" என்றாள்.

'உங்க காலத்துல' என்றது சுருக்கென்றது. நான் ஒன்றும் நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவள் இல்லை. அவளுக்கு அன்று வாயால் சொன்னது பாதிதான். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பள்ளி முடிந்ததும் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. ஃபேக்டரி பஸ், நீல அங்கி, தலைக்கு வலை. புதிய போர்டுகளைச் சூடான அடுப்பறைக்குள் வைத்து ஓடவிட்டு, எது தாங்கும், எது சாகும் என்று பார்க்கிற பகுதியில் இருந்தேன். எந்தப் பொருளும் சும்மா இருக்கும்போது நல்ல பொருளாகத்தான் தெரியும் என்பதை அங்கே கற்றேன். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தேன். பிறகு ஜார்ஜ்டவுனில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், சின்னச் சின்ன வியாபாரிகளின் இணையதளங்களைத் தன் சர்வரில் வைத்துப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளி மிஸ்டர் ஓங்.

மிஸ்டர் ஓங் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் கீழே போய், பிளாஸ்டிக் பையில் கோப்பி-ஓ என்கிற பாலில்லாத காப்பி வாங்கி வருவார். அந்தப் பையைத் தன் மேசையின் ஓரத்தில் அடித்த ஆணியில் மாட்டிவிட்டு, அவ்வப்போது எடுத்து உறிஞ்சுவார். பையை மாட்டிவிட்டு நாற்காலியை நம் பக்கம் இழுத்தார் என்றால் விஷயம் பெரியது என்று அர்த்தம். அவரிடம் ஒரு முறை இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கை வைக்கும் முன், என்ன செய்யப்போகிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதை மாற்றுகிறேன், மாற்றினால் என்ன ஆகும், தவறினால் எப்படிப் பழையபடி வைப்பேன். மூன்றையும் சொன்ன பிறகுதான் அழுத்தலாம். சொல்லும்போது நாக்கு தடுமாறினால், "இன்னொரு தடவை" என்பார். அவர் பேசுவது பினாங்கு ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன். "முதலில் சொல். பிறகு அழுத்து" என்பதை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேனோ தெரியாது. சேர்ந்த புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்பதுபோல் கேட்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே சொல்லுவேன்.

அந்த முறையின் அருமை தெரிந்தது ஒரு கேக் கடையால். தொலைக்காட்சியில் அந்தக் கடையைக் காட்டினார்கள். காட்டி முடிப்பதற்குள் கடையின் இணையப் பக்கம் படுத்துவிட்டது. நான் பதறிப்போய், ஒரே நேரத்தில் உள்ளே விடும் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டப் போனேன். மிஸ்டர் ஓங் சொல்லச் சொன்னார். சொல்ல ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, ஆள் கூடினால் மெமரி தீரும், தீர்ந்தால் சர்வரே மூச்சு முட்டி நின்றுவிடும் என்று. வாயை மூடிக்கொண்டேன். அவர் அந்தப் பக்கத்திலிருந்த கேக் படங்களை மட்டும் கழற்றச் சொன்னார். படங்கள் போனதும் பக்கம் எழுந்து உட்கார்ந்தது. கூட்டம் வந்தால் முதலில் அழகைக் கழற்ற வேண்டும் என்பார் அவர்.

இனி மண்டபத்தின் கதை.

ஜார்ஜ்டவுனில் ஒரு சங்கத்துக்குச் சொந்தமான திருமண மண்டபம், பெயர் வேண்டாம். நல்ல இடம், நிறைய கார் நிறுத்தலாம், வாடகையும் குறைவு. கொரோனாக் கால நடமாட்டக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு, தள்ளிப்போட்ட கல்யாணங்கள் எல்லாம் ஒன்றாக வந்து அந்த மண்டபத்தின் வாசலில் நின்றன. முகூர்த்தத் தேதிகளோ கொஞ்சம். யாருக்குத் தேதி என்பதைக் கமிட்டிக்காரர்கள் போனிலேயே பேசி முடித்துவிடுவார்கள். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போய், மிச்சம் மீதிதான் மற்றவர்களுக்கு.

சரஸ்வதி அக்கா அப்போதுதான் அங்கே செயலாளராக வந்திருந்தார். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். அவர் வந்த முதல் வருஷம், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு அம்மாவுக்குத் தேதி தருவதாக வாய்ச்சொல் கொடுத்திருந்தார். கமிட்டியில் ஒருவர் அதே தேதியைத் தன் நண்பருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா சண்டை போடவில்லை. "பரவால்ல டீச்சர், எங்களுக்கு யாரைத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை அக்காவைத் தூங்கவிடவில்லை.

மறுவருஷம் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். மண்டபத்தின் சின்ன இணையதளம் எங்கள் சர்வரில்தான் இருந்தது.

"பிலோ, இந்தத் தடவ எல்லாத் தேதியையும் வெப்சைட்ல திறந்து விடப் போறேன். முதல்ல அழுத்துறவங்களுக்கு முதல்ல. யாரு முகத்தையும் பாக்கப் போறதில்ல."

"கமிட்டி ஒத்துக்கிட்டாங்களா அக்கா?"

"ஒரு கண்டிஷன்ல. பக்கம் ஒரு தடவ விழுந்தாலும் உடனே நிறுத்திட்டு, பழையபடி அவங்களே போன்ல குடுப்பாங்களாம். பொருளாளர் அண்ணன் அன்னிக்கு என் பக்கத்துலயே வந்து உக்காரப் போறாரு. அப்படி ஆச்சுன்னா மண்டபச் சாவிய மேசை மேல வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்னு நானும் சொல்லிட்டேன்."

மிஸ்டர் ஓங் கோப்பிப் பையை ஆணியில் மாட்டினார்.

தயாரிப்பில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. போலிக் கூட்டத்தை உண்டாக்கும் கருவியால் பக்கத்தை அடித்துப் பார்த்தோம். எத்தனை பேர் வந்தால் மூச்சு வாங்குகிறது, எத்தனை பேரில் படுக்கிறது என்று கண்டுபிடித்தோம். மண்டபத்தின் படங்களைச் சுருக்கினேன். ஒரே தேதியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒருவருக்கு மட்டும்தான் கிடைக்கும்படி பூட்டுப் போட்டேன். எங்கள் சர்வரில் பல வாடிக்கையாளர்கள் ஒரே வீட்டில் அறை அறையாகக் குடியிருப்பதுபோல் இருப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் இவ்வளவு மெமரி என்று பங்கு உண்டு. அன்றைக்கு மட்டும் மண்டபத்துக்குப் பங்கைக் கூட்டிக் கொடுத்தோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறப்பது என்று நேரம் குறித்ததும் நான்தான். மற்ற வாடிக்கையாளர்களின் நடமாட்டம் அப்போது குறைவு. அக்கா ஒரு நொடி யோசித்தார். "கம்ப்யூட்டருக்கு அதுதான் தோதுன்னா சரி" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பக்கத்தைத் திறந்தேன். கூட்டமே இல்லை.

ஆட்கள் வந்தார்கள்தான். பக்கத்தைப் பார்த்தார்கள். போனார்கள். பதிவு ஒன்றுகூட விழவில்லை. மண்டபத்திலிருந்து பொருளாளரின் குரல் அக்காவின் போன் வழியாகக் கேட்டது. "என்னம்மா, யாரையும் காணோம்? போன்ல குடுத்திருந்தா இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும் லா." பத்து மணிவாக்கில், டுரியான் பழம் விற்கும் ஒரு வாடிக்கையாளர் மிஸ்டர் ஓங்கைக் கூப்பிட்டார். சீசன், ஆர்டர் குவிகிறது, பக்கம் மெதுவாகிறது என்றார். எங்கள் மண்டபமோ சும்மா கிடக்கிறது. மிஸ்டர் ஓங் என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன். கூட்டிக் கொடுத்த மெமரியை எடுத்து டுரியானுக்குக் கொடுத்தோம்.

அதன்பிறகுதான் நான் லாக்கை நிதானமாகப் படித்தேன். யார் வந்தார்கள், எதை அழுத்தினார்கள் என்று சர்வர் வரி வரியாக எழுதும் குறிப்பு அது. வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. தேதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். கடைசியாக 'உறுதி செய்க' என்ற பொத்தானுக்கு முன்னால் வந்து எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒருவர் விடாமல் எல்லாரும். பொத்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பட்டன் வேலை செய்யலையா? யாரும் கடைசியில அழுத்த மாட்டேங்கிறாங்க."

அக்கா சிரித்தார். "பட்டன் நல்லாத்தான் இருக்கு. இப்ப ராகுகாலம் பிலோ. சனிக்கிழம ஒன்பதுலேருந்து பத்தரை வரைக்கும். கல்யாணத் தேதிய யாரு ராகுகாலத்துல உறுதி பண்ணுவா? நேத்து பூரா போன் மேல போன். அதான் பத்தரைக்கு மேல அழுத்துங்கன்னு நானே வாட்சப் குரூப்ல வாய்ஸ் போட்டு விட்டேன்."

"எந்த குரூப்ல அக்கா?"

"எல்லா குரூப்லயும்தான். அதக் கேட்டவங்களும் மத்தவங்களுக்கு அனுப்பியிருப்பாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"இது கம்ப்யூட்டர் சமாச்சாரமா என்ன?" என்றார் அக்கா. அவர் குரலில் இருந்த சிரிப்பு அப்போதுதான் மெல்லக் குறைந்தது.

எங்கள் கணக்கெல்லாம், வருகிற கூட்டம் காலை முழுக்கப் பரவலாக வரும் என்ற கணக்கு. இப்போது பினாங்கில் கல்யாணம் வைத்திருக்கிற அத்தனை வீடும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எல்லா விரலும் ஒரே நொடியில் இறங்கும். அதைத் தாங்குவதற்காக வைத்திருந்த மெமரி டுரியானிடம் போய்விட்டது. பத்தரைக்கு அரைமணிகூட இல்லை.

மிஸ்டர் ஓங்கிடம் சொன்னேன். அவருக்கு ராகுகாலம் என்றால் என்ன என்று விளக்க ஒரு வாக்கியம்தான் ஆனது. சீனர்களுக்கும் நாள் பார்க்கத் தெரியுமே. பையை மாட்டினார். நாற்காலியை இழுத்தார்.

"மெமரியைத் திரும்ப எடுத்துவிடலாம்" என்றேன்.

"சொல்."

சொன்னேன். எடுக்க வேண்டுமென்றால் டுரியான்காரரின் அறையை நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டும். அங்கே ஆட்கள் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் அறுந்துபோகும்.

"அவரும் நம் வாடிக்கையாளர்தான். வேறு சொல்."

மண்டபத்தின் படங்களை மொத்தமாகக் கழற்றுகிறேன் என்றேன். அழுத்தச் சொன்னார். பதிவு ஆனதும் போகும் மின்னஞ்சல்களை இப்போது அனுப்பாமல் பிடித்து வைத்து, பிறகு மொத்தமாக அனுப்புகிறேன் என்றேன். அழுத்தச் சொன்னார். இரண்டும் சேர்ந்தாலும் போதாது என்பது இருவருக்கும் தெரியும்.

"வீடு சின்னது, விருந்தாளி அதிகம் என்றால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

"வாசலில் வரிசையில் நிற்க வைப்பேன்."

வாசலைக் கட்டினேன். ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் பதிவுப் பக்கத்துக்குள் போகலாம். மற்றவர்களுக்கு எடையே இல்லாத ஒரு வெற்றுப் பக்கம் வரும். அது கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாகவே வாசலைத் தட்டி, இடம் இருந்தால் ஆளை உள்ளே அனுப்பும். என் போனில் சோதித்தேன். வரிசைப் பக்கம் வந்தது. வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில், சேவை இப்போது இல்லை என்று ஒரு வரி.

"உங்கள் ஆட்கள் இதைப் பார்த்தால் என்ன செய்வார்கள்?" என்றார் மிஸ்டர் ஓங்.

"திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். வீட்டில் இருக்கும் எல்லார் போனிலும் அழுத்துவார்கள். பிறகு பொருளாளருக்குப் போன் போட்டு, பக்கம் விழுந்துவிட்டது என்பார்கள்."

"அப்படியானால் இது வாசல் இல்லை. இடிந்த சுவர்."

அக்காவைக் கூப்பிட்டு, 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று தமிழில் போடட்டுமா என்று கேட்டேன்.

"காத்திருக்கவும்னு போட்டா யாரு காத்திருப்பா? அவங்களுக்குப் பயமே நல்ல நேரம் போயிடுமோன்னுதான். கேட்டுக்க. உங்க வரிசை ஓடிக்கிட்டிருக்கு, பக்கத்த மூடாதீங்கன்னு போடு. அதுக்குக் கீழ, எமகண்டம் ஒன்றரை மணிக்குத்தான், அதுக்குள்ள எல்லாருக்கும் முடிஞ்சிடும்னு பெரிய எழுத்துல போடு."

மிஸ்டர் ஓங்கிடம் மொழிபெயர்த்தேன். அவர் 'எமன்' யார் என்று கேட்டார். சாவுக்குத் தேவதை என்றேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் குழப்பத்தைப் பார்த்தேன்.

"கல்யாண மண்டபத்தின் பக்கத்தில், பெரிய எழுத்தில், சாவுத் தேவதையின் பெயரை எழுதப்போகிறாய்."

"ஆமாம். இன்னும் நேரம் இருக்கிறது என்று அதைப் பார்த்தால்தான் நம்புவார்கள்."

"தவறினால்?"

"ஒரு வரியை அழித்தால் பழையபடி ஆகிவிடும்."

"அழுத்து" என்றார்.

பத்தரை ஆனது. திரையில் கூட்டத்தைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது. மழைபோல் பெருகிவந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் மழைக்கு முதலில் தூறலாவது இருக்கும். இதற்கு அதுவும் இல்லை. நான் தட்டிய எழுத்து திரையில் தோன்றவே தாமதமானது. மெமரி கடைசி எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அக்காவின் போன் இணைப்பு திறந்தே இருந்தது. பின்னால் மண்டபத்தில் போன் மணிகள் விடாமல் அடித்தன.

"பக்கம் நிக்குதா, விழுந்திருச்சா?" பொருளாளரின் குரல். "ஒரு தடவ விழுந்தாலும் நான் போனை எடுத்துருவேன், சொல்லிட்டேன்."

எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்புவது. விரல் அங்கேதான் போனது.

"சொல்" என்றார் மிஸ்டர் ஓங்.

"மறுபடி எழுப்புகிறேன். எழுப்பினால்..." நிறுத்தினேன். எழுப்பினால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் வெளியே விழுவார்கள். வரிசையும் கலைந்துபோகும். எல்லாரும் மறுபடி ஒன்றாக வாசலில் மோதுவார்கள். பக்கம் விழுந்ததாகத்தான் கணக்கு.

"கையை எடு" என்றார்.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரும் கைகளைக் கட்டிக்கொண்டார். இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேலைக்காலம் முழுவதிலும் அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. தெரிந்த செபங்களை எல்லாம் ஒழுங்கில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி எங்கேயோ போய் முடிந்தது.

முதல் பதிவு விழுந்தது. இரண்டாவது. பிறகு வரிசையாக. வாசலில் இடம் காலியாகக் காலியாக, வெளியே நின்றவர்கள் தானாக உள்ளே வந்தார்கள். லாக்கில் நான் தேடியது ஒன்றைத்தான்: வரிசைப் பக்கத்தைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்களா? இல்லை. ஆள் ஆளாக, அசையாமல் நின்றார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் எமனின் பேச்சை நம்பி அமைதியாக இருந்தார்கள். கோடு மெல்லச் சாய்ந்தது. மிஸ்டர் ஓங் ஆணியிலிருந்து பையை எடுத்து, ஆறிப்போன கோப்பியை உறிஞ்சினார்.

எமகண்டம் தொடங்கும் முன்பே தேதிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. பக்கம் ஒரு தடவைகூட விழவில்லை. அடுத்த வாரம் மிஸ்டர் ஓங் சர்வர் அறையில் தமிழ் நாட்காட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளர் தேதி சொன்னாலும், அதைப் படித்துச் சொல்ல, ராகுகாலம் பார்க்காத என்னைத்தான் கூப்பிடுவார்.

அன்று பகலில் அக்கா கூப்பிட்டார்.

"பொருளாளர் அண்ணன் இவ்வளவு நேரம் மூலையில உக்காந்து, போன்ல உன்னோட எமகண்டத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு பிலோ. தங்கச்சி மகனுக்கு ஆவணி ஞாயித்துக்கிழம வேணுமாம். என் வரிசை எப்ப வரும்னு என்னையே கேக்கிறாரு. மூடிடாதீங்கண்ணே, வரும்னு சொன்னேன்."

"கிடைச்சதா அவருக்கு?"

"இல்ல. வேற தேதிதான் கெடச்சது. எல்லாம் முடியிற வரைக்கும் பேருங்கள நான் பாக்கவே இல்ல. இப்பதான் திறந்தேன்."

ஆவணியில் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வந்த முகூர்த்தம் அந்த வருஷம் அது ஒன்றுதான். எல்லாரும் கண் வைத்திருந்த தேதி.

"யாருக்கு அக்கா கிடைச்சிருக்கு?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பது கேட்டது.

"யாருன்னே தெரியல பிலோ" என்றார் அக்கா. "எனக்கும் தெரியல, அண்ணனுக்கும் தெரியல. கமிட்டியில ஒருத்தருக்கும் அவங்கள யாருன்னே தெரியல."